புத்தகம் போகலாம் என்கிறது, கேப்டன் வேண்டாம் என்கிறார். நீங்களாக இருந்தால்?

வலது இருக்கை எழுதியது:

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. நான் ஏ320 என்கிற ஏர்பஸ் விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது வலது இருக்கையில் உட்காரும் துணை விமானி, லைனுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கம்பெனி பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவிலிருந்து பினாங்குக்கு இரவு கடைசி பயணம். ஒரு சீட்கூடக் காலி இல்லை, மேலே வைக்கிற பெட்டி எல்லாம் முறுக்கு டின். டெக் லாக்கை, அதாவது விமானத்தின் கோளாறுகளை எழுதும் பதிவேட்டைத் திறந்தால், இரண்டு கோளாறு டிஃபர் ஆகியிருந்தது, பிறகு சரிசெய்யலாம் என்று தள்ளி வைத்திருந்தார்கள். ஏபியு, அதாவது மின்சாரமும் காற்றும் கொடுக்கும் வால்பக்கத்துச் சின்ன என்ஜின், வேலை செய்யவில்லை, ஆறாவது நாள். இரண்டாம் என்ஜினின் ரிவர்சரை, இறங்கியபின் என்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கிற அமைப்பை, பூட்டி வைத்திருந்தார்கள், அது நாலாவது நாள். இரண்டுமே சி வகை, பத்து நாள் கெடு. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, பொறியாளர் கையெழுத்து இருக்கிறது, எல்லாம் முறைப்படிதான்.

கேப்டன் பத்து நிமிடம் லாக்கைப் படித்தார். முன்பக்கம், பின்பக்கம், திரும்ப முன்பக்கம். பினாங்கு வானிலையைக் கேட்டார், இடியோடு மழை. அப்புறம் பராமரிப்புக் கட்டுப்பாட்டு அறைக்கு போன் போட்டு, "இந்தச் சேர்க்கையோடு இன்றிரவு நான் எடுக்கவில்லை, ஒன்று சரிசெய்யுங்கள், இல்லையென்றால் வேறு விமானம் கொடுங்கள்" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து "கேப்டன், எம்இஎல்லில் அனுமதி இருக்கிறதே" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. எந்தக் கோளாறோடு பறக்கலாம் என்று சொல்லும் புத்தகம்தான் எம்இஎல். "இருக்கிறது, நானும் படித்தேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். வேறு விமானம் வர ஒரு மணி ஐம்பது நிமிடம். இறங்கி நடந்தபோது பயணிகள் பார்த்த பார்வை இருக்கிறதே, நான்தான் ஏதோ உடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

என் குழப்பம் இதுதான். அன்று காலையில் இன்னொரு கேப்டன் அதே விமானத்தில், அதே இரண்டு ஸ்டிக்கரோடு லங்காவி போய்த் திரும்பியிருக்கிறார். புத்தகம் ஒன்றுதானே? ஒருவர் எடுக்கிறார், ஒருவர் மறுக்கிறார் என்றால் அது மனநிலையைப் பொறுத்த விஷயமா? நாளைக்கு நான் கேப்டனாகி இடது பக்கம் உட்காரும்போது எதை வைத்து முடிவெடுப்பது?

*

சுபாங் ஸ்பேனர் எழுதியது:

தம்பி, நான் லைசென்ஸ் உள்ள பொறியாளர், 22 வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறேன். நேராகவே சொல்கிறேன், உங்கள் கேப்டன் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டார்.

துறைக்கு வெளியே இருப்பவர்களும் இதைப் படிப்பதால் முதலில் ஒரு விளக்கம். எம்இஎல் என்பது எங்கள் வசதிக்கு நாங்களே எழுதிக்கொள்ளும் சலுகைப் பட்டியல் இல்லை. விமானம் தயாரித்தவர்கள் பங்கெடுத்து, விமான வகைக்குச் சான்று கொடுக்கும் ஆணையம் ஒப்புக்கொண்ட மூலப் பட்டியல் ஒன்று உண்டு. அதைவிடக் கடுமையாக வேண்டுமானால் கம்பெனி தன் பட்டியலை எழுதலாம், தளர்வாக எழுத முடியாது, அதற்கும் நம் ஊரில் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் ஒப்புதல் வேண்டும். பி வகை என்றால் மூன்று நாள், சி என்றால் பத்து, டி என்றால் 120, ஏ வகைக்கு அந்த உருப்படியிலேயே கெடு எழுதியிருக்கும். கோளாறு எழுதிய நாள் கணக்கில் வராது.

சரி, ரிவர்சருக்கு வருவோம். உலர்ந்த ஓடுபாதையில் இறங்கும் தூரத்தைச் சான்றுக்காகக் கணக்குப் போடும்போது ரிவர்சரைச் சேர்ப்பதே இல்லை, பிரேக்கும், இறக்கைமேல் எழும்பி வேகத்தைக் குறைக்கும் ஸ்பாய்லர் தகடுகளும்தான். ஈரமான பாதையில் வித்தியாசம் வரும், ஆனால் பினாங்கு பாதை சுமார் 3,350 மீட்டர். ஒரு ஏ320க்கு அது பந்து விளையாடும் அளவு மைதானம். ஏபியு இல்லையென்றால் என்ன, விமானம் நிற்கும் பேயில் தரை மின்சாரம் கொடுப்பார்கள், ஏர் ஸ்டார்ட் வண்டியைக் கொண்டுவந்து ஒரு என்ஜினைக் கிளப்புவார்கள், அதன் காற்றை வைத்து மற்றதைக் கிளப்புவார்கள். கேபின் கொஞ்ச நேரம் வேகும், அவ்வளவுதான். இரண்டு என்ஜின் விமானம் நீண்ட கடல் வழியில் போகும்போது ஏபியு பல நேரம் கட்டாயமாகிவிடும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பினாங்குக்கு எந்தக் கடல்?

நாங்கள் ரிவர்சரைப் பூட்டுவது சும்மா ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை இல்லை. என்ஜின் மூடியான கவுலைத் திறந்து, பூட்டும் பின்னை ஏற்றி, டார்ச் அடித்து இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. அதை ஒருவர் பத்து நிமிடம் படித்துவிட்டு வேண்டாம் என்றால் எங்களுக்கும் ரோஷம் வரும், மறைப்பதற்கு இல்லை.

*

செந்தூல் பயணி எழுதியது:

அந்த விமானமா என்று தெரியாது, ஆனால் அதே வாரம் நானும் இரண்டு மணி நேரம் கேட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் காரை எடுத்திருந்தால் பட்டர்வொர்த்துக்குப் பாதி வழி போயிருப்பேன். யாரும் வந்து காரணம் சொல்லவில்லை, "தொழில்நுட்பக் காரணம்" என்று ஒரு வரிதான். காரணம் இதுதான் என்று சொன்னால் பாதிப் பேர் திட்ட மாட்டோம். மீதிப் பாதி எப்படியும் திட்டும்.

*

லோரி முதலாளி எழுதியது:

எனக்கு விமானம் தெரியாது, கிள்ளானில் நாலு லோரி ஓட்டுகிறேன். வண்டிச் சோதனை மையமான புஸ்பாகோமில் பாஸ் ஆகிற லோரியெல்லாம் மழையில், முழுச் சுமையோடு, ராத்திரி கேமரன் மலை இறங்க லாயக்கு என்று எந்த டிரைவராவது சொல்வானா? என் டிரைவர் ஒருத்தன் "பாஸ், இன்றைக்கு வேண்டாம்" என்றால் நான் சாவியை வாங்கி வைத்துக்கொள்வேன். மறுநாள் ஏன் என்று கேட்பேன், அது வேறு.

*

பழைய இடது இருக்கை எழுதியது:

லோரி முதலாளி இரண்டு வரியில் முடித்துவிட்டார், எனக்கு அந்தத் திறமை இல்லை, நீளமாகத்தான் வரும்.

தம்பி, எம்இஎல்லின் முன்னுரையை யாரும் படிப்பதில்லை, தேர்வுக்கு மட்டும் படிக்கிறோம். அதில் இருப்பது இதுதான்: பட்டியலில் ஒவ்வொரு உருப்படியும் தனித்தனியாகப் பார்த்து எழுதப்பட்டது, பல கோளாறுகள் ஒன்றாக இருக்கும்போது அவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும் என்பதை விமானத்தை எடுப்பவர்தான் பார்க்க வேண்டும். புத்தகம் "போகலாம்" என்கிறது, "போயே ஆகவேண்டும்" என்று எங்கும் சொல்லவில்லை. அதனால் காலையில் எடுத்தவரும் இரவில் மறுத்தவரும் இருவருமே சரியாக இருக்க முடியும். காலையில் லங்காவியில் வெயில் அடித்திருக்கும்.

சுபாங் தம்பி சொன்ன மீட்டர் கணக்கு சரிதான். ஆனால் ரிவர்சர் என்றாலே எனக்கு நினைவுக்கு வருவது மீட்டர் இல்லை, 2007 ஜூலை 17. பிரேசிலில் சாவ் பாவ்லோ நகருக்குள் இருக்கிற காங்கோன்யாஸ் விமான நிலையம், டாம் கம்பெனியின் ஏ320. வலது ரிவர்சர் பூட்டியிருந்தது, எம்இஎல் அனுமதியோடுதான். மழை, இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான பாதை, புதிதாகத் தளம் போட்டு இன்னும் பள்ளக்கோடு வெட்டாத பாதை. இறங்கியதும் இடது என்ஜினின் லீவரை ரிவர்சுக்கு இழுத்தார்கள், வலது லீவர் முன்னாலேயே நின்றுவிட்டது. ஒரு என்ஜின் தள்ளுகிறது, ஸ்பாய்லர் எழும்பவில்லை. 199 பேர் போனார்கள். பூட்டிய ரிவர்சர் அந்த விமானத்தை நிறுத்தமுடியாமல் செய்யவில்லை. அது விமானியின் கை வழக்கத்தை மாற்றியது, மழையும் குட்டைப் பாதையும் மீதியைச் செய்தன. பூட்டிய ரிவர்சர் என்று படித்தால் நான் முதலில் யோசிப்பது "இன்று என் கை எதை மாற்றிச் செய்யவேண்டும், அதைக் களைப்பில் மறப்பேனா" என்பதைத்தான். கடைசி செக்டார், இரவு, மழை, பக்கத்தில் ஒன்றரை வருட அனுபவம். கோபித்துக்கொள்ளாதே தம்பி, நீயும் அந்தக் கணக்கில் ஒரு உருப்படி. நானும் ஒரு உருப்படிதான், எனக்கு முந்தின இரவு தூக்கம் எத்தனை மணி என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மாட்ரிட் கதை இதைவிட மோசம். 2008 ஆகஸ்ட் 20, ஸ்பான்ஏர் எம்டி-82. வெளிக்காற்று வெப்பம் அளக்கும் புரோப் ஒன்று தரையிலேயே சூடாகிறது என்று விமானம் திரும்பி வந்தது. புரோபின் சூடேற்றியை நிறுத்திவிட்டுப் போகலாம் என்று எம்இஎல் சொன்னது, வழியில் பனி உறையும் நிலை இல்லை, நிறுத்தினார்கள், கிளம்பினார்கள். ஆனால் அந்த புரோப் ஏன் தரையில் சூடாகவேண்டும்? விமானம் தரையில் இருக்கிறதா வானத்தில் இருக்கிறதா என்று சொல்லும் ரிலேயில் கோளாறு இருந்தால் அப்படி ஆகலாம், அதே ரிலேதான், கிளம்பும்போது இறக்கையில் இறக்கவேண்டிய ஃபிளாப்பைப் போடாமல் ஓடினால் கத்துகிற எச்சரிக்கைக்கும் சேதி கொடுக்கிறது. அன்று அவசரத்தில் ஃபிளாப் போட மறந்தார்கள், எச்சரிக்கை கத்தவில்லை. 154 பேர். ரிலே ஏன் அப்படி ஆனது என்பதை விசாரணை உறுதியாக நிறுவ முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்குப் புரிந்தது ஒன்று, டிஃபர் ஆகியிருப்பது நோயா, நோயின் அறிகுறியா என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

இவ்வளவு பேசுகிற நானும் யோக்கியன் இல்லை. பல வருடம் முன்பு, இரண்டு வானிலை ரேடாரில் ஒன்று டிஃபர் ஆன விமானத்தை நாற்பது நொடியில் கையெழுத்துப் போட்டு எடுத்தேன். மாலை, நம்ம ஊர் அக்டோபர், மேகம் எப்படி நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். மலாக்கா நீரிணை மேலே மற்ற ரேடாரும் போய்விட்டது. மின்னல் அடிக்கிறபோது மேகத்தின் விளிம்பு தெரியும், அதை வைத்து வழி பார்த்து, கட்டுப்பாட்டு அறையிடம் மற்றவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு இறங்கினோம். ஒன்றும் ஆகவில்லை. இறங்கியபிறகு தே தாரிக் கிளாஸைப் பிடித்த கை நடுங்கியது.

மறுப்பது எப்படி என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். "எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொல்லாதே, அது சண்டையில் முடியும். "இந்தக் கோளாறு, இந்த வானிலை, இந்த நேரம், இதற்கு மாற்று இல்லை" என்று சொல். உன் கேப்டன் "இந்தச் சேர்க்கையோடு, இன்றிரவு" என்று சொன்னாராமே, அது விஷயம் தெரிந்தவர் பேச்சு. அப்புறம், அவர் முன்பக்கம் பின்பக்கம் புரட்டினார் என்கிறாயே, பின்பக்கத்தில் எதைப் பார்த்தார்?

*

பாயான் லெப்பாஸ் அக்கா எழுதியது:

நான் பினாங்கில் தரைப்பணி பார்க்கிறேன், எல்லாரும் வானத்தைப் பற்றியே பேசுவதால் தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏபியு இல்லாத விமானத்தை எங்களிடம் அனுப்புவதற்கு முன் ஒரு போன் போடுங்கள். ஏர் ஸ்டார்ட் வண்டி இருக்கிறது என்று பட்டியலில் இருக்கும். வண்டி கிளம்புமா, ஓட்டுகிறவர் இரவுப் பணியில் இருக்கிறாரா, அதே நேரம் இன்னொரு கம்பெனி அதைக் கேட்டிருக்கிறதா, இது பட்டியலில் இருக்காது. ஒருமுறை கொட்டுகிற மழையில் வண்டி மக்கர் செய்து, ஒரு விமானம் காலை வரை பேயிலேயே நின்றது, அதில் ஏறவேண்டிய 170 பேரை நான்தான் சமாதானம் செய்தேன். ஒரு அம்மா என் கையில் தன் பலகார டப்பாவைக் கொடுத்துவிட்டு "நீயே சாப்பிடு, இனி யாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது" என்று அழுதார். தாமதம் கேஎல்லில் ஒரு மணி ஐம்பது நிமிடம் என்றால் நான் வாங்கிக்கொள்வேன் தம்பி.

*

வலது இருக்கை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இடது இருக்கை ஐயா கேட்டதை இன்று கேப்டனிடமே கேட்டேன், மாமாக் கடையில் வைத்து. முதலில் நான் எழுதியதில் ஒன்றை விட்டிருந்தேன், விட்டேன் என்பதே எனக்குத் தெரியாது.

அவர் புரட்டியது பழைய தாள்களை. ஐந்து நாளில் மூன்று முறை முதல் என்ஜினின் பிளீட் தானாக மூடிக்கொண்டிருக்கிறது. மூன்று முறையும் தரையில் ரீசெட் செய்து, சோதித்து, "சரியாக உள்ளது" என்று மூடியிருக்கிறார்கள். அதனால் அது டிஃபர் பட்டியலில் இல்லை, ஸ்டிக்கர் இல்லை, நான் பார்த்தது திறந்திருந்த இரண்டை மட்டும்தான். என் கண் ஸ்டிக்கரை எண்ணியது, அவர் கண் கையெழுத்துகளை எண்ணியிருக்கிறது.

*

சுபாங் ஸ்பேனர் எழுதியது:

அடப்பாவி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! நான் மேலே எழுதியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ரிவர்சர் பாதி அப்படியே இருக்கும், அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

பிளீட் என்பது என்ஜினிலிருந்து எடுக்கும் சூடான அழுத்தக் காற்று, கேபின் அழுத்தம், குளிர்ச்சி எல்லாம் அதிலிருந்துதான். ஒரு பக்கம் மூடிக்கொண்டால் மறுபக்கம் இரண்டு பேருக்கும் சேர்த்து உழைக்கும். அப்படி உழைக்கும்போது அதுவும் சூடாகி மூடிக்கொள்வது ஏ320 குடும்பத்தில் நடந்திருக்கிறது, ஏர்பஸ்ஸே இதைப் பற்றி விமானிகளுக்கு எழுதியிருக்கிறது. இரண்டும் போனால் கீழே இறங்கவேண்டும், குறைந்த உயரத்தில் ஏபியு காற்றை வைத்துச் சமாளிக்கலாம். அந்த ஏபியுதான் ஆறு நாளாகச் செத்துக் கிடக்கிறதே! புத்தகத்தில் ஏபியுவுக்கு ஒரு பக்கம், பிளீட்டுக்கு ஒரு பக்கம். மூன்று முறை மூடி மூன்று முறை ரீசெட் ஆன பிளீட்டுக்கு எந்தப் பக்கமும் இல்லை, ஏனென்றால் தாளின்படி அது நல்ல பிளீட்.

திரும்பத் திரும்ப வரும் கோளாறு என்றால் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் ஒரு விபத்து நினைவுக்கு வரும். 2014 டிசம்பர் 28, சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் போன இந்தோனேசியா ஏர்ஏசியா 8501. வாலில் இருக்கும் சுக்கான் (ரட்டர்) எவ்வளவு திரும்பலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் யூனிட்டில் ஒரு சோல்டர் இணைப்பு விரிசல். அதற்கு முந்தின 12 மாதத்தில் அந்தக் கோளாறு 23 முறை எழுதப்பட்டிருந்தது என்று இந்தோனேசிய விசாரணை அறிக்கை சொல்கிறது. ஒவ்வொரு முறையும் ஏதோ செய்து மூடினார்கள், இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அன்று பறக்கும்போது நாலு முறை வந்தது. நாலாவது முறை சர்க்யூட் பிரேக்கரை ரீசெட் செய்ததற்கான அறிகுறி பதிவில் இருந்தது, ஆட்டோபைலட் கழன்றது, அதற்குப்பின் விமானத்தைக் கையாள முடியாமல் 162 பேர். ஒரு சோல்டர் புள்ளி மட்டும் விமானத்தை விழவைக்காது, சரிதான். ஆனால் 23 முறை எழுதியும் யாரும் பெட்டியைத் திறந்து அதன் உள்ளே பார்க்கவில்லையே என்பது என் துறைமேல் விழுந்த அடி, அதை நான் இன்றும் துடைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்து உண்மையும் ஒன்று. முப்பத்தைந்து நிமிடத் திரும்புதலில், அடுத்த பயணிகள் ஏணியில் நிற்கும்போது, ரீசெட் செய்ததும் விளக்கு அணைந்தால் மனசு "அப்பாடா" என்கிறது. அந்த வால்வைக் கழற்றவேண்டும் என்றால் இரவு ஹேங்கர், உதிரிபாகம், ஆள் எல்லாம் வேண்டும். கேப்டன் மறுத்தால்தான் சில வேலைக்கு ஹேங்கரில் இடம் கிடைக்கிறது. ரோஷம் என்று எழுதினேனே, அதையும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறேன்.

*

லோரி முதலாளி எழுதியது:

பிளீட் என்னவென்று புரியவில்லை. மூன்று தடவை ரீசெட் புரிந்தது. என் ரெண்டாவது லோரிக்கு டெம்பரேச்சர் விளக்கு இப்படித்தான் எரிந்து எரிந்து அணையும். நாளைக்கு போமனிடம், அதான் மெக்கானிக்கிடம், விடுகிறேன்.

*

வலது இருக்கை எழுதியது:

கடைசியாக ஒன்று, அப்புறம் விட்டுவிடுகிறேன், நாளை காலை ஐந்து மணி ரிப்போர்ட்டிங்.

அன்றிரவு ஹேங்கரில் பிளீட் வால்வை மாற்றியிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து அதே விமானம், அதே கேப்டன், அதே நான், மறுபடி பினாங்கு. மதியம் இரண்டு மணி, வெயில் கண்ணைக் குத்தியது. ஏபியு சரியாகிவிட்டது, ரிவர்சர் இன்னும் பூட்டித்தான் இருந்தது, ஆறாவது நாள். நான் மறுப்பார் என்று நினைத்தேன். அவர் இரண்டு லீவரையும் எப்படி இழுக்கவேண்டும் என்று என்னை வாயால் ஒருமுறை சொல்லச் சொன்னார், பிறகு லாக்கை என் மடியில் போட்டு, "படித்துவிட்டு எடுக்கலாமா என்று நீ சொல்" என்றார்.

முதல் பக்கத்தைப் படித்தேன், ஒரு ஸ்டிக்கர். பிறகு பழைய தாள்களைப் புரட்டினேன். கார்பன் காப்பி, பாதி எழுத்து மங்கலாக இருந்தது, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. வால்வு மாற்றியபின் ஒன்பது பயணம், பிளீட் பற்றி ஒரு வரிகூட இல்லை. எடுக்கலாம் கேப்டன் என்றேன். கையெழுத்துப் போட்டார்.